கானாடுகாத்தானில் மூன்று மாலை வீணை: பகலில் என்ன செய்வது?

நங்கநல்லூர்வாசி எழுதியது:

வணக்கம். பிப்ரவரி இரண்டாவது வாரக் கடைசியில் காரைக்குடிப் பக்கம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று மாலையும் ஒரே வீணைக் கலைஞர் வாசிக்கிறார். மைக் கிடையாது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், எண்பது பேருக்குத்தான் இடம். முதல் நாள் வாசித்த உருப்படியை மறுநாள் தொடமாட்டாராம். மூன்று நாளுக்கும் சேர்த்து எடுத்தால் விலை குறைவு என்றதும் சட்டென்று நாலு டிக்கெட் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் யோசனையே ஆரம்பித்தது.

நாலு பேர் யாரென்றால் நான், மனைவி, எழுபத்தொரு வயது அம்மா, ஒன்பது வயதுப் பையன். அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழே உட்கார முடியாது. பையனுக்குக் கச்சேரி என்றால் முதல் அரை மணி நேரம் சமர்த்து, அப்புறம் என் சட்டைப் பொத்தானை எண்ண ஆரம்பித்துவிடுவான். நாங்கள் யாரும் செட்டிநாட்டுப் பக்கம் வந்ததே இல்லை, மதுரை போகிற வழியில் பஸ் ஜன்னலில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. வெள்ளிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து கிளம்பி நேரே கச்சேரிக்கு. சனி காலை பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆயிரம் ஜன்னல் வீடு, மதியம் ஒரு நல்ல செட்டிநாட்டுச் சாப்பாடு, பிறகு ஆத்தங்குடி, மாலை கச்சேரி. ஞாயிறு காலை திருமயம், கானாடுகாத்தான் அரண்மனை, காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை, மாலை கச்சேரி, இரவே ரயில். தங்குவது காரைக்குடியில், ஏனென்றால் அறை வாடகை குறைவாகத் தெரிகிறது. இதில் எது நடக்கும், எது நடக்காது என்று ஊர் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியம். திட்டுவதென்றாலும் திட்டலாம், மனைவி ஏற்கெனவே தொடங்கிவிட்டாள்.


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

முதல் வரியிலேயே தவறிவிட்டீர்கள் அண்ணே. பல்லவன் எழும்பூரில் கிளம்புவதே பிற்பகல் மூன்றரை, நாலு மணி வாக்கில். காரைக்குடி வந்து சேர இரவு பத்து ஆகிவிடும். அங்கிருந்து கானாடுகாத்தான் இன்னும் பதினைந்து கிலோமீட்டர். நீங்கள் வந்து இறங்கும்போது வெள்ளிக்கிழமைக் கச்சேரி முடிந்து கலைஞர் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

மற்ற வண்டிகளும் இருக்கின்றன, ராமேஸ்வரம் போகிற சேது, போட் மெயில் எல்லாம் இந்த வழிதான். ஆனால் அவை காரைக்குடிக்கு வருவது நடுராத்திரி, அதற்கும் பிறகு. முழங்கால் வலிக்கார அம்மாவை அந்த நேரத்தில் தட்டி எழுப்பி இறக்குவது பாவம். ஆகையால் வியாழக்கிழமைப் பல்லவனைப் பிடியுங்கள். ஆபீஸில் வியாழன் அரை நாள், வெள்ளி முழு நாள் லீவு சொல்ல வேண்டும், வேறு வழி தெரியவில்லை. திரும்புவதும் அப்படியே. கச்சேரி முடிந்து ஒன்பது மணிக்குச் சாப்பிடாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்கு ஓடுவதைவிட, திங்கள் விடியற்காலைப் பல்லவனில் ஏறினால் மதியத்துக்குள் எழும்பூர். அரை நாள் லீவு கூடுதல், அவ்வளவுதான். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள், பழைய நான்கு மாதக் கணக்கில் இருந்துவிடாதீர்கள். செட்டிநாடு என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கானாடுகாத்தானுக்கு அதுதான் கிட்ட. ஆனால் எல்லா வண்டியும் நிற்காது, பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

காரில் வருவதானால் கதை வேறு. திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் என்று வந்தால் காரைக்குடிக்குள் நுழையாமலே எங்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம். சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நிறுத்தி நிறுத்தி வந்தால் எட்டு மணி நேரம்.

தங்குவது பற்றி. காரைக்குடியில் வாடகை குறைவு என்பது உண்மை. ஆனால் மூன்று மாலை, மூன்று தரம் போக மூன்று தரம் வர, இரவு ஒன்பதுக்கு மேல் ஆட்டோ கிடைக்காது, கார் சொல்லி வைத்தால் காத்திருப்புக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், மிச்சம் ஒன்றும் இருக்காது. ஊருக்குள்ளேயே விசாலம் என்ற ஹோட்டல் இருக்கிறது, இன்னும் சின்னதாக வீட்டோடு அறை கொடுப்பவர்களும் உண்டு. விசாலம் ஒரு அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு, பெயரும் அந்தப் பெண்ணின் பெயர்தான். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. எங்கே எடுத்தாலும் கச்சேரி வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். மூன்று நாள் கச்சேரியில் பாதிச் சுகம், முடிந்த பிறகு தெருவில் நடந்து வரும்போதுதான். எங்கள் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள், தெருவிளக்கு, இரண்டு நாய். அதைக் காரில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

இன்னொன்று, அந்த வாரத்தில் முகூர்த்தம் இருக்கிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். நகரத்தார் எங்கே பிழைத்தாலும் கல்யாணத்துக்குச் சொந்த வீட்டைத் திறப்பவர்கள் இன்னும் நிறைய. அன்றைக்கு அறை, கார், சமையல்காரர் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. இன்றே அறையைச் சொல்லிவையுங்கள்.


நங்கநல்லூர்வாசி எழுதியது:

ஐயோ. பல்லவன் நேரத்தைக் காலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது எதிர்ப்பக்கம் வருகிற வண்டி. வியாழன் என்றே வைத்துக்கொள்கிறேன். பகல் திட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?


தேவகோட்டை_டு_டெக்ஸஸ் எழுதியது:

நான் சொல்கிறேன், அனுபவப்பட்டவன். ஊர் வேறு, பாடம் ஒன்றுதான்.

லாஸ் வேகாஸில் ஸ்ஃபியர் என்று ஒரு உருண்டை அரங்கம் 2023 செப்டம்பர் 29 அன்று திறந்தார்கள் இல்லையா, யூ2 குழுவின் கச்சேரியோடு. அந்தக் குழு ஊர் ஊராகப் போகாமல் அதே இடத்தில் மறுவருடம் மார்ச் 2 வரை 40 இரவு வாசித்தது. நம் பக்கம் உற்சவத்துக்குப் பத்து நாளும் ஒரே நாகஸ்வர செட்டு வந்து தங்குகிற மாதிரி, ஆள் நகரமாட்டார், நாம்தான் போக வேண்டும். நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வாரக் கடைசியில் போனோம். உங்களைப் போலவே அட்டவணை போட்டுக்கொண்டு போனோம். சனிக்கிழமை இரவு டிக்கெட். பகல் சும்மாதானே இருக்கிறது என்று விடியற்காலை எழுந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குக் கார் எடுத்தோம். போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். பள்ளத்தாக்கு நன்றாகத்தான் இருந்தது. மாலை அரங்கத்தில் போய் உட்கார்ந்தோம், பதினேழாயிரம் பேருக்கு மேல் உட்காருகிற இடம், தலைக்கு மேல் கூரை முழுக்கத் திரை, உலகமே அதைப் பற்றிப் பேசுகிறது. மூன்றாவது பாட்டில் நான் தூங்கிவிட்டேன். அந்தச் சத்தத்தில்! பக்கத்தில் இருந்தவன் எழுப்பவில்லை, அவனும் தூங்கிக்கொண்டிருந்தான். டிக்கெட் விலையைச் சொன்னால் எங்கள் ஆத்தா இன்னும் அடிப்பார், அதனால் சொல்லமாட்டேன்.

அங்கே தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம், ஒரே கலைஞர் ஒரே இடத்தில் பல நாள் இருக்கும்போது சனிக்கிழமைதான் கூட்டமும் விலையும். வியாழன், ஞாயிறு என்றால் அறை வாடகையே வேறு மாதிரி இருக்கும். கானாடுகாத்தானில் எண்பது பேருக்கு அது பொருந்தாமல் போகலாம். தூக்கம் மட்டும் நிச்சயம் பொருந்தும். உங்கள் சனிக்கிழமையில் ஐந்து இடம் எண்ணினேன், அதில் ஒன்று செட்டிநாட்டுச் சாப்பாடு. கோழி, காடை, நண்டு என்று இலையை முடித்துவிட்டு ஆறரைக்கு வீணை கேட்கப் போகிறீர்களா? மைக் இல்லாத வளவில் குறட்டை எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள்.


ஒன்பதுகோயில்_உலா எழுதியது:

எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு அறைக்குள் படுத்துக் கிடக்கவா வருகிறார்கள்? நான் நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒன்றுக்கொன்று ரொம்ப தூரம் கிடையாது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் நடை சாத்துவதற்குள் ஐந்தாறு, மாலை நாலுக்கு மேல் மிச்சம். வைரவன்பட்டிச் சிற்பங்களையும் இரணியூர் மண்டபத்தையும் பார்க்காமல் போனால் செட்டிநாடு வந்ததாகவே கணக்கில்லை.


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

மாலை நாலுக்கு மேல் மிச்சம் என்றால் கச்சேரிக்கு யார் போவது?


ஒன்பதுகோயில்_உலா எழுதியது:

ஒரு நாள் கச்சேரியை விட்டால் என்ன? இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே.


வளவுவீட்டு_ஆச்சி எழுதியது:

தம்பி, கோயில் எங்கேயும் போய்விடாது. ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்தேன் என்கிறவர்கள் எந்தக் கோயிலில் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டால் குழம்பிவிடுவார்கள், எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் அப்படி.

நங்கநல்லூர்த் தம்பிக்குச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் குன்றக்குடியை எடுத்துவிடுங்கள், மலை ஏற வேண்டும். கீழே நின்று கும்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். பிள்ளையார்பட்டி சமதளம், குகைக்குள் பாறையிலேயே குடைந்த ஆறடிப் பிள்ளையார், கை இரண்டுதான். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் கூட்டம் இல்லாமல் நின்று பார்க்கலாம். சனி, ஞாயிறு பத்து மணிக்குப் போனால் பார்ப்பது முன்னால் நிற்பவர் முதுகைத்தான். ஆயிரம் ஜன்னல் வீடு தனியார் வீடு, தெருவில் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். அதற்கென்று ஒரு பொழுதை ஒதுக்காதீர்கள். அரண்மனையும் அப்படியே, உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், வாசல் பக்கமாக ஒரு நடை போய்விட்டு வாருங்கள், எப்படியும் நீங்கள் தங்குகிற தெருவுக்குப் பக்கம்தான். உள்ளே போய்ப் பார்க்க ஆத்தங்குடியில் பெரிய வீடு இருக்கிறது, சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாக நடந்தால் வீடு எப்படி நீண்டுகொண்டே போய் அடுத்த தெருவில் முடிகிறது என்று பையனுக்கும் புரியும்.

பையனுக்கு உண்மையில் பிடிக்கப்போவது ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிற பட்டறை. சின்ன வயதில் நானே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வேலை செய்த உலோக அச்சு. சிமெண்டில் சாயம் கலந்து கூழாக வைத்திருப்பார்கள், அதைக் கரண்டியில் எடுத்து அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார், ஒரு சொட்டுப் பக்கத்து அறைக்குப் போகாது. அப்புறம் அச்சை மெல்லத் தூக்கிவிடுவார். நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடுமே என்று நமக்குப் பதறும், கலக்காது. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் செய்வார். மறுநாள் தண்ணீர்த் தொட்டி, சில நாள் ஊறல், பிறகு காய்ச்சல். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும், கண்ணாடி பட்ட பக்கம்தான் அந்தப் பளபளப்பு. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. இதற்கு வெள்ளிக்கிழமை போங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வேலை இருக்காது. வியாழனே வந்துவிட்டால் வெள்ளி பகல் சும்மா கிடைக்கிறது பாருங்கள்.

சாப்பாடு பற்றி டெக்ஸஸ் பிள்ளை சொன்னது சரி. இலைச் சாப்பாட்டை ஒரே ஒரு நாள் மதியம் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் பங்களா என்ற ஹோட்டலில் சாப்பிடுவதானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், திடீரென்று போய் நின்றால் இலை இருக்காது. சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் படுங்கள். அம்மா மட்டுமல்ல, எல்லாரும். கச்சேரிக்கு முன்னால் ஐந்து மணிக்கு வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், ஒரு காபி. அது போதும், வயிறு லேசாக இருக்கும். கவுனி அரிசியும் கந்தரப்பமும் இரவுக்கு.

பையனை மூன்று நாளும் உட்கார வைக்க வேண்டாம். எங்கள் காலத்தில் வீட்டுக் கல்யாணக் கச்சேரிகளில் பிள்ளைகள் பாட்டுக்கு இரண்டாங்கட்டில் விளையாடிக்கொண்டிருப்போம், பாட்டும் காதில் விழுந்துகொண்டிருக்கும். இன்றைக்கும் ஒரு ராகம் எங்கோ கேட்டால் எனக்குப் புளியங்கொட்டை ஆடியது ஞாபகம் வரும். ராகத்தின் பெயர் தெரியாது. வளவின் ஓரத்தூண் பக்கம் உட்காருங்கள், அவன் நழுவிப் போனாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.


தானப்பிரியை எழுதியது:

இசைப் பக்கம் பேச யாருமே வரவில்லை, பணியாரத்திலேயே நிற்கிறீர்கள்.

நங்கநல்லூர்வாசி, நீங்கள் எங்கே வீணை கேட்கப் போகிறீர்கள் என்று தெரிந்துதான் போகிறீர்களா? காரைக்குடி பாணி என்று வீணையில் ஒரு தனி வழியே இருக்கிறது. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்று அண்ணன் தம்பி, சேர்ந்தே வாசித்தவர்கள். அண்ணன் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி வழக்கம் போலக் கிடத்தி. தானத்துக்கு, அதாவது தாளக்கட்டு இல்லாமல் ராகத்தைத் துடிப்போடு விரித்து வாசிப்பதற்கு, பெயர்போன வாசிப்பு. சாம்பசிவ ஐயர் பிற்பாடு கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்தார். 1952இல் சங்கீத நாடக அகாதமி விருது கொடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் கர்நாடக இசையில் வாங்கிய இரண்டு பேர் யார் தெரியுமா? வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர், வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அரியக்குடி காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், நடந்தே போய்விடலாம். வயலினில் குன்னக்குடி வைத்தியநாதன், மிருதங்கத்தில் காரைக்குடி மணி என்று அப்புறம் வந்தவர்களைச் சேர்த்தால் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒரு முழுக் கச்சேரி மேடை ஆகிவிடுகிறது.

அரியக்குடியை வேண்டுமென்றேதான் இழுத்தேன். வர்ணம், சின்னச் சின்னக் கிருதிகள், ஒரு விரிவான ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா என்று இன்றைக்கு நாம் கேட்கிற கச்சேரிக்கு வடிவம் கொடுத்தவர் அவர். ஒரே மாலையில் எல்லாருக்கும் எல்லாமும் கிடைக்கிற மாதிரியான வடிவம். மூன்று மாலை ஒரே ஆளுக்குக் கிடைக்கும்போது அந்த அவசரம் இல்லை. ஒரு தோடியையோ பைரவியையோ எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், நாளைக்கு வேறு வாசித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருக்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராகம் ஐந்திலும் வரிசையாகத் தானம் வாசிக்க இடம் இருக்கும். அதனால் ஒரு நாளை விட்டால் என்ன என்று மேலே ஒருவர் கேட்டதற்கு என் பதில், விடக்கூடாது. எனக்குத் தெரிந்து முதல் நாள் கலைஞரும் கூடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதிலேயே போய்விடும், எவ்வளவு மீட்டினால் எதிர்ச்சுவர் வரை போகிறது என்று அவருக்கே இரண்டாவது நாள்தான் பிடிபடும். வழவழப்பான சுவர், தரையெல்லாம் கல், நடுவில் திறந்த வானம், இது சபா மாதிரி இருக்காது. ஆறரை மணிக்குக் கிளி, காக்கை எல்லாம் தானம் வாசிக்கும், அதுவும் சேர்த்துத்தான். மைக் இல்லாத வீணைக்குத் தூரம்தான் எதிரி, ஐந்தரைக்கே போய் முன்னால் உட்காருங்கள், ஆனால் மிருதங்கத்துக்கு நேர் எதிரே வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் மூன்று நாளும் மிருதங்கம்தான் கேட்பீர்கள்.

பகலில் ஒரே ஒரு இடம் போவதானால் நான் பிள்ளையார்பட்டி சொல்லமாட்டேன், குடுமியான்மலை சொல்வேன். புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர், கானாடுகாத்தானிலிருந்து கார் வைத்தால் ஒன்றேகால் மணி நேரம். கோயிலுக்குப் பின்னால் குடைவரையை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பிரிவாக வெறும் ஸ்வரக் கோவைகள், கிரந்த எழுத்தில், வரி வரியாக. கடைசியில் தமிழில், எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய என்று ஒரு வரி. எட்டுத் தந்தி, ஏழுத் தந்தி வீணைகளுக்குச் சொன்னது என்று பொருள் கொள்கிறார்கள். பரிவாதினி என்று ஒரு வீணையின் பெயரும் அங்கே வெட்டியிருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள், அதில் தகராறு உண்டு, யார் வெட்டினால் என்ன, பாறையில் ஸ்வரம் எழுதி வைத்திருக்கிறார்கள்! காலையில் அதைப் பார்த்துவிட்டு மாலையில் வீணை கேட்பது வேறெங்கே கிடைக்கும்? திரும்பும் வழியில்தான் திருமயம். அங்கே சிவன் குடைவரையிலும் இப்படி ஒன்று இருந்து பெரும்பகுதி அழிந்துவிட்டது. பையனுக்குக் கோட்டை, மேலே பீரங்கி. 1687இல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி கட்டியது. அம்மா கீழே பெருமாள் சன்னிதியில் உட்கார்ந்திருக்கட்டும்.


ஒன்பதுகோயில்_உலா எழுதியது:

குடுமியான்மலைக்கு ஒன்றேகால் மணி நேரம் போகலாமாம், என் கோயிலுக்கெல்லாம் போகக்கூடாதாம். நல்ல நியாயம்.


தானப்பிரியை எழுதியது:

ஒன்றுக்குத்தான் சொன்னேன், ஒன்பதுக்கு இல்லை.


நங்கநல்லூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மனைவி இந்தத் திரியை முழுக்க வாசித்துவிட்டு என் அட்டவணைக் காகிதத்தை வாங்கிப் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதிவிட்டாள்.

இப்போது முடிவு செய்திருப்பது இது. வியாழன் பல்லவன், காரைக்குடியில் இறங்குமிடத்துக்குக் கார் சொல்லியாகிவிட்டது. தங்குவது கானாடுகாத்தானிலேயே, வீட்டோடு அறை கொடுக்கிற ஓரிடத்தில் இரண்டு அறை, கச்சேரி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆச்சி சொன்ன மாதிரி வெள்ளி காலை ஆத்தங்குடிப் பட்டறையும் பெரிய வீடும், மதியம் தூக்கம். சனி காலை குடுமியான்மலை, திருமயம், ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஞாயிறு காலை பிள்ளையார்பட்டி, ஆறரைக்கே கிளம்புகிறோம், வரும் வழியில் காரைக்குடியில் இலைச் சாப்பாடு. கண்டாங்கிச் சேலைக்கும் அந்த வழியிலேயே ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை என்று மனைவியே சொன்னாள், நான் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். திங்கள் விடியற்காலைப் பல்லவன். குன்றக்குடி, ஆயிரம் ஜன்னல், எட்டுக் கோயில் எல்லாம் அடுத்த தரம். உலா அண்ணன் மன்னிக்கணும்.

அம்மாவிடம் கல்வெட்டு விஷயத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் வீணை கற்றுக்கொண்டேன், வர்ணம் வரைக்கும் வந்தது என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது, இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். எந்த வர்ணம் என்று கேட்டால், போடா, கை மறந்துபோச்சு என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வளவில் எல்லாரும் தரையில் உட்காரும்போது அம்மாவுக்கு மட்டும் நாற்காலி போட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்குமே?


கானாடுகாத்தான்காரன் எழுதியது:

வளவைச் சுற்றி உயர்ந்த தாழ்வாரம் இருக்கும், நாற்காலியை அங்கே தூணோரம் போட்டால் யாருக்கும் மறைக்காது. கலைஞர் உட்காருகிற இடத்துக்குப் பக்கவாட்டில் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இருந்தால் இடக்கை விரல் மெட்டுகள் மேல் ஓடுவது நன்றாகத் தெரியும், அம்மா பார்க்க ஆசைப்படுவார். நிலைப்படி உயரமாக இருக்கும், முகப்பில் ஏறும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான், கச்சேரிக்கு முன்னால் வந்து நாற்காலியை நானே போட்டு வைக்கிறேன்.


வளவுவீட்டு_ஆச்சி எழுதியது:

இரண்டு நாற்காலியாகப் போடு தம்பி. எனக்கும் முழங்கால்தான்.